பாக்டீரியா ஓம்புயிர் செல்லை எப்படி மாற்றுகிறது: இந்த ஆராய்ச்சியை வேலையாக எடுக்க நினைப்பவருக்கு

நுண்ணுயிரியலில் முதுநிலைப் படிப்பை முடிக்கப்போகும் ஒருவரின் கேள்வி இது: "உடலுக்குள் புகும் பாக்டீரியா நம் செல்களை என்ன செய்கிறது என்று ஆராய்வதையே வேலையாக எடுக்க ஆசை. எங்கே தொடங்குவது, அன்றாட வேலை எப்படி இருக்கும், இதில் எதிர்காலம் உண்டா?"

எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடுவதற்கு முன்னால் எந்த பாக்டீரியா என்று யோசியுங்கள். முனைவர் பட்டத்துக்கான 4 முதல் 6 வருடங்களில் உங்கள் நாளும் வாரமும் எப்படி ஓடும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கும்.

சால்மோனெல்லா 20 முதல் 30 நிமிடத்தில் இரண்டாகும். இன்று மாலை தட்டில் பூசினால் நாளைக் காலை காலனிகளை (ஒரு பாக்டீரியா பெருகி உண்டாக்கும் புள்ளிகளை) எண்ணிவிடலாம். சோதனை சொதப்பினால் அதே வாரத்தில் திரும்பச் செய்யலாம். காசநோய் பாக்டீரியா இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். காலனி கண்ணுக்குத் தெரிய 3 முதல் 4 வாரம் ஆகும். நீர்த்தலில் ஒரு தவறு செய்தால் ஒரு மாதம் போச்சு. வேலை நடப்பதோ மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில். உடை மாற்றி, சுவாசக் கவசம் மாட்டி உள்ளே போய்விட்டால் மறந்துபோன ஒரு குழாயை எடுக்க நினைத்தபடி வெளியே வர முடியாது. காசநோயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் விடை தெரியாத கேள்விகள் ஏராளம். ஆனால் ஒரு சோதனை முடியட்டும், அடுத்ததைப் பார்ப்போம் என்று இருப்பவருக்கு அது ஒத்துவராது. இரண்டு மூன்று சோதனைகளை வெவ்வேறு வாரக் கணக்கில் இணையாக ஓட்டும் பொறுமை வேண்டும். வேகமாக வளர்கிறதே என்று மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸை மாற்றாக வைத்து வேலை செய்பவர்கள் உண்டு. செல்சுவர், மருந்து எதிர்ப்பு போன்ற கேள்விகளுக்கு அது உதவும். கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜுக்குள் பிழைத்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு உதவாது, ஏனென்றால் அது உள்ளே பிழைப்பதே இல்லை.

கிளமிடியா வேறு வகையான சிக்கல். செல்லுக்கு வெளியே அது பெருகாது. வெளியிலிருந்து ஒரு மரபணுவை அதற்குள் நிலையாகச் செலுத்தும் வழி 2011இல்தான் கிடைத்தது. மரபணுவைத் தொட முடியாத உயிரியில் "இந்தப் புரதம்தான் காரணம்" என்று நிரூபிப்பது எவ்வளவு சுற்றுவழி என்பதை அந்தத் துறைக்காரர்களிடம் கேட்டால் தெரியும். சால்மோனெல்லாவிலும் ஈ. கோலையிலும் 2000இல் வெளியான லாம்டா ரெட் முறையில் ஒரு மரபணுவை ஒரு வாரத்தில் நீக்கிவிடலாம்.

துறை எதைக் கேட்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். சால்மோனெல்லா தன் சவ்விலிருந்து ஊசி போன்ற ஓர் அமைப்பை நீட்டிக் குடல் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்துகிறது. இதற்கு மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். உள்ளே போகும் புரதங்களில் சாப்-ஈ, செல்லின் ராக்-1, சிடிசி-42 என்ற சுவிட்சுகளைப் போட்டுவிடும். உடனே செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகள் தாறுமாறாக எழும்பி, சவ்வு அலைபோல் பொங்கி பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூடவே போகும் எஸ்பிடிபி என்ற புரதம் அதே சுவிட்சுகளை அணைக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போகின்றன என்றால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடாதா? செய்யாது. சாப்-ஈயைச் செல்லின் புரோட்டியசோம் சீக்கிரம் சிதைத்துவிடுகிறது. எஸ்பிடிபி அதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது. முதலில் கலவரம், பிறகு அமைதி. நேரக் கணக்கையே ஓம்புயிரின் (தான் புகுந்த உயிரின்) குப்பை அகற்றும் இயந்திரமான புரோட்டியசோமிடம் பாக்டீரியா ஒப்படைத்திருக்கிறது. "இந்தப் புரதம் என்ன செய்கிறது" என்பதோடு நிற்காமல் "எப்போது, எவ்வளவு நேரம்" என்று கேட்டதால் கிடைத்த விடை இது. நல்ல ஆய்வுத் தலைப்பு வேண்டும் என்றால் இந்த இரண்டாவது கேள்வி இருக்கும் இடத்தில் தேடுங்கள்.

பாக்டீரியா வழியாகச் செல்லைப் பற்றியே கற்றதும் நிறைய. லிஸ்டீரியா தன் முதுகில் ஆக்டின் வால் வளர்த்துச் செல்லுக்குள் ஓடும். அதன் ஆக்ட்-ஏ புரதத்தைத் துரத்திப் போனவர்கள்தான் ஆர்ப்-2/3 கூட்டுப்புரதம் ஆக்டினை எப்படி முளைக்க வைக்கிறது என்பதைப் புரியவைத்தார்கள். அதற்கும் வெகு முன்பே, 1959இல், கல்கத்தாவில் சம்பு நாத் டே, பாக்டீரியாவை வடிகட்டி நீக்கிய காலரா வளர்ப்புநீரை மட்டும் முயலின் கட்டப்பட்ட குடல் துண்டுக்குள் செலுத்தி, நீர் நிரம்புவதைக் காட்டினார். உயிருள்ள பாக்டீரியா இல்லாமலே நோய்க்குறி வந்துவிட்டது. நச்சுப்புரதம் என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இனி அன்றாட வேலை. இந்தத் துறையில் பெரும்பாலானோர் முதலில் கற்கும் சோதனை ஜென்டமைசின் பாதுகாப்புச் சோதனை. எத்தனை பாக்டீரியா செல்லுக்குள் போயின என்று எண்ணுவதற்கானது. ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் செல்சவ்வைச் சுலபமாகக் கடக்காது. ஆகவே வெளியே இருப்பவை சாகும், உள்ளே இருப்பவை தப்பும்.

24 குழித் தட்டில் ஒரு குழிக்கு 1,00,000 ஹீலா செல்கள் (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதச் செல்வகை) என்று முந்தின நாள் போட்டால், மறுநாள் ஏறக்குறைய 2,00,000 இருக்கும். ஒரு குழியைத் தனியாகப் பிரித்தெடுத்து எண்ணிவிடுங்கள், உத்தேசம் வேண்டாம். செல் வளரும் ஊடகத்தில் (சத்துக் கரைசலில்) பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் ஆன்டிபயாடிக் கலவை இருக்கக் கூடாது. முந்தின நாளே அது இல்லாத ஊடகத்துக்கு மாற்ற மறப்பதுதான் புதியவர்களின் மிகச் சாதாரணமான தவறு. இரவு வளர்த்த சால்மோனெல்லாவை 1:33 என்ற அளவில் புது ஊடகத்தில் நீர்த்து, 37 டிகிரியில் ஆட்டியபடி 3 மணிநேரம் வளர்க்க வேண்டும். உள்ளே புகும் ஊசி அமைப்பு அந்தக் கட்டத்தில்தான் நன்றாக வெளிப்படும். கரைசலின் கலங்கலைக் காட்டும் ஒளி அடர்த்தியை அளந்து, ஒரு செல்லுக்கு 10 பாக்டீரியா என்ற விகிதத்தில், அதாவது குழிக்கு 20 லட்சம் சேர்க்கலாம். இந்த விகிதத்தை ஆய்வகங்களில் எம்ஓஐ என்பார்கள். சேர்த்த அதே கரைசலை நீர்த்துத் தட்டில் பூசியும் வைக்க வேண்டும். ஒளி அடர்த்தி செத்த பாக்டீரியாவையும் சேர்த்துத்தான் காட்டும். உண்மையான எம்ஓஐ மறுநாள் காலை தட்டில்தான் தெரியும்.

அரைமணி கழித்துப் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவி, மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் ஜென்டமைசின் ஒரு மணிநேரம். அதற்கு மேலும் காத்திருக்க வேண்டிய சோதனை என்றால் 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குக் குறைத்துவிட வேண்டும். நேரம் வந்ததும் மருந்து போகக் கழுவி, 0.1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 ஊற்றிச் செல்லை உடைத்து, பத்து பத்து மடங்காக நீர்த்து, தட்டில் பூசி, 30 முதல் 300 வரை காலனி உள்ள தட்டை எண்ணலாம்.

படிக்கும்போது சமையல் குறிப்பு மாதிரி எளிதாகத் தெரியும். தவறுகள் நுழையும் இடங்கள் வேறு. ஜென்டமைசின் "உள்ளே போகாது" என்பது பல மணிநேரத்துக்குப் பொருந்தாது. செல்கள் சுற்றியுள்ள நீரை விழுங்கும்போது மருந்தும் மெல்ல உள்ளே போகும், மேக்ரோஃபேஜில் இன்னும் அதிகமாக. 16 மணிநேரம் 100 மைக்ரோகிராமில் விட்டுவிட்டு "ஓம்புயிர் செல் பாக்டீரியாவைக் கொன்றது" என்று எழுதினால், கொன்றது உங்கள் மருந்தாக இருக்கலாம். இரண்டாவது, செல் செத்துக் கிழிந்தால் உள்ளே இருந்த பாக்டீரியா மருந்துக்கு வெளிப்பட்டுச் சாகும். காலனி குறையும், வளர்ச்சி குறைந்ததுபோலவே தோன்றும். ஆகவே அதே குழியின் மேல்நீரில், செத்த செல்லிலிருந்து கசியும் எல்டிஹெச் நொதியை அளந்து, எத்தனை செல் செத்தது என்று கூடவே பார்க்க வேண்டும். மூன்றாவது, செல்லுக்குள் போகத் தெரியாத வகை ஒன்றை, சால்மோனெல்லாவில் என்றால் இன்வ்-ஏ மரபணு நீக்கிய வகையை, எப்போதும் ஒரு குழியில் வைக்க வேண்டும். அதிலும் நிறைய காலனி வந்தால் மருந்து வேலை செய்யவில்லை அல்லது கழுவியது போதவில்லை. உங்கள் பாக்டீரியாவில் இருக்கும் பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையம்) ஜென்டமைசின் எதிர்ப்பு தருவதா என்பதையும் முன்பே பாருங்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

வளர்ச்சிக் கட்டம் என்ற ஒன்றாலேயே முடிவு தலைகீழாகும். 3 மணிநேரம் வளர்த்த அதே துடிப்பான சால்மோனெல்லாவை மேக்ரோஃபேஜில் போட்டால் ஊசி அமைப்பும் அதன் நீந்தும் இழையின் புரதமான ஃபிளஜெலினும் செல்லின் எச்சரிக்கை மணியை அடித்து, செல் சீக்கிரமே பைரோப்டோசிஸ் என்ற அழற்சியூட்டும் சாவு முறையில் வெடித்துவிடும். உள்ளே நீண்ட நேரம் வாழ்வதைப் பார்க்க வேண்டும் என்றால் இரவு முழுக்க வளர்ந்து அடங்கிய வளர்ப்பை எடுக்க வேண்டும். ஒரே பாக்டீரியா, ஒரே செல், வேறு மணிநேரம், வேறு கட்டுரை. இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் முரண்பட்டால் நான் முதலில் புரட்டுவது செய்முறைப் பகுதியில் இருக்கும் இந்த ஒரு வரியைத்தான்.

ஓம்புயிர்ப் பக்கம் இதைவிட வஞ்சகமானது. செல் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா புகுந்திருந்தால் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் மசியாது. ஏற்கெனவே ஒரு பாக்டீரியா குடியிருக்கும் செல்லில் இன்னொரு பாக்டீரியாவின் விளைவை அளந்துகொண்டிருப்பீர்கள். மாதம் ஒருமுறை பிசிஆர் பரிசோதனை செய்யாத ஆய்வகத்தின் அழற்சி அளவீடுகளை நம்ப மாட்டேன். அதேபோல் ஈ. கோலையில் உற்பத்தி செய்து சுத்திகரித்த எந்தப் புரதத்தோடும் அதன் வெளிச்சவ்விலுள்ள எல்பிஎஸ் என்ற நச்சுப்பொருள் ஒட்டிக்கொண்டு வரும். அது செல்லில் அதை உணரும் டிஎல்ஆர்-4 ஏற்பியைத் தூண்ட நானோகிராம் அளவே போதும். "என் புரதம் சைட்டோகைன் (நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம்) சுரக்க வைக்கிறது" என்று துள்ளிக் குதிக்கும் முன், புரதத்தைக் கொதிக்க வைத்துப் போட்டுப் பாருங்கள். புரதம் கெட்டுவிடும், எல்பிஎஸ் பெரும்பாலும் கெடாது. கொதித்த பிறகும் அதே விளைவு வந்தால் ஆராய்ந்தது எல்பிஎஸ்ஸை. டிஎல்ஆர்-4 இல்லாத செல்லில் திரும்பச் செய்தால் சந்தேகம் தீரும்.

எலிக்குப் போகும்போது மரபணுப் பின்னணி காலை வாரும். லிஸ்டீரியாவின் இன்டர்னலின்-ஏ புரதம், மனிதச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஈ-காடெரின் புரதத்தைப் பிடிக்கும், எலியின் ஈ-காடெரினை நன்றாகப் பிடிக்காது. 16ஆவது இடத்தில் மனிதருக்கு புரோலின், எலிக்கு குளூட்டாமிக் அமிலம். அந்த ஓர் அமினோ அமில வித்தியாசத்தால், வாய் வழியாகக் கொடுத்த லிஸ்டீரியா சாதாரண எலியின் குடலைச் சரியாகத் தாண்டுவதில்லை. 1999இல் இது தெரியும்வரை எலியில் "இன்டர்னலின்-ஏ முக்கியமில்லை" என்றே தோன்றியது. சி57பிளாக்/6, பால்ப்/சி என்ற இரண்டு பிரபல எலி வகைகளிலும், தொற்றை எதிர்க்க உதவும் என்ராம்ப்-1 மரபணு பழுது. அதனால் சால்மோனெல்லாவுக்குச் சில நாட்களிலேயே சாகும். 129 வகை தாக்குப்பிடிக்கும்.

இதே 129 வகை இன்னொரு பெரிய குழப்பத்துக்கும் காரணம். 1995இல் வந்த, அழற்சியைத் தூண்டும் நொதியான காஸ்பேஸ்-1 நீக்கிய எலிகளை உலகமே பயன்படுத்தியது. 129 வகை எலியின் ஸ்டெம் செல்லிலிருந்து உருவானவை அவை. அந்த வகையில் பக்கத்து மரபணுவான காஸ்பேஸ்-11 இயல்பிலேயே பழுது என்பது 2011இல்தான் தெரிந்தது. இரண்டும் ஒட்டி இருப்பதால் எத்தனை தலைமுறை கலப்பினம் செய்தாலும் பிரியவில்லை. பதினாறு வருடம் காஸ்பேஸ்-1இன் கணக்கில் எழுதப்பட்ட விளைவுகளில் ஒரு பகுதி காஸ்பேஸ்-11 செய்தது. யாரும் ஏமாற்றவில்லை, கையில் இருந்த எலி அப்படி.

நிரூபணத்தின் விதியை 1988இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ வகுத்துக் கொடுத்தார்: மரபணுவை நீக்கினால் நோயுண்டாக்கும் திறன் குறைய வேண்டும், திருப்பிக் கொடுத்தால் அது திரும்ப வர வேண்டும். இந்தத் திருப்பிக் கொடுத்தலில்தான் பல ஆய்வேடுகள் ஒரு வருடம் மாட்டிக்கொள்கின்றன. நீக்கியபோது பின்னால் வரிசையாக உள்ள மரபணுக்களும் அணைந்திருந்தால் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்துப் பயனில்லை. பிளாஸ்மிடில் கொடுத்தால் படிகள் அதிகமாகி மிகை வெளிப்பாடு வரும்; செல்லுக்குள் ஆன்டிபயாடிக் அழுத்தம் இல்லாததால் பிளாஸ்மிடையே பாக்டீரியா உதிர்த்துவிடும். முடிந்தவரை குரோமோசோமில் ஒற்றைப் படியாகத் திருப்பிக் கொடுங்கள். நீக்கிய வகை வெறும் ஊடகத்திலேயே மெதுவாக வளர்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே பாருங்கள். அப்படி என்றால் செல்லுக்குள் குறைவாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவின் பக்கம் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை: அது 300க்கு மேற்பட்ட புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யும், ஒன்றை மட்டும் நீக்கினால் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது.

புள்ளியியலில் ஒரே ஒரு விஷயம். ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனை ஆகாது. வேறு வேறு நாளில், வேறு வளர்ப்பில் செய்தால்தான் எண்ணிக்கை கூடும். காலனி எண்ணிக்கையை மடக்கையாக்கி ஒப்பிடுங்கள். சராசரி மட்டும் போதாது என்பதையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பழகுங்கள்: பத்துச் செல்லில் ஆறு வெறுமையாக இருக்கும், ஒன்றில் ஐம்பது பாக்டீரியா நிரம்பியிருக்கும். குழி முழுவதையும் கலக்கி ஆர்என்ஏ எடுத்தால் இந்த இரண்டு வகைச் செல்லின் கலவைதான் கிடைக்கும். ஃபுளோரசன்ட் பாக்டீரியாவைப் போட்டுத் தொற்றிய செல்லைத் தனியாகப் பிரித்தெடுக்கும் கருவி உள்ள இடத்தில் சேர்வது இதனால்தான் நல்லது.

இனி இடம் தேடுவது. நேர்காணலில் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தயாராவது போலவே நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. கடைசியாகப் பட்டம் பெற்ற மூவர் எத்தனை வருடம் எடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? எனக்குத் தரப்போகும் தலைப்புக்கான மரபணு நீக்கிய வகை ஏற்கெனவே இருக்கிறதா, நான் உருவாக்க வேண்டுமா? உறைபெட்டியில் உள்ள பாக்டீரியா வகைகளுக்குப் பதிவேடு உண்டா? முந்தைய மாணவர் பெயர் மட்டும் எழுதிய குழாய்களை நம்பி வேலையைத் தொடங்குவது ஆபத்து. எந்த வகையையும் வரிசைப்படுத்திச் சரிபார்த்த பிறகே தொடுங்கள். ஆய்வகத் தலைவரைவிட அங்கே மூன்றாம் வருடத்தில் இருக்கும் மாணவரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசினால் அதிகம் தெரியும்.

முனைவர் பட்டத்துக்கு 4 முதல் 6 வருடம், அதன்பின் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) 3 முதல் 6 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்டாக் போகும்போது பாக்டீரியாவையும் ஓம்புயிர்ப் பக்கத்து நுட்பத்தையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள்: சால்மோனெல்லா மரபியல் கையில் இருந்தால் ஆர்கனாய்டு (செல்களிலிருந்து வளர்க்கும் சிறு உறுப்பு மாதிரி) வளர்ப்பையோ நோயெதிர்ப்பியலையோ கற்கலாம். இரண்டையும் மாற்றினால் முதல் இரண்டு வருடம் மீண்டும் மாணவர்தான். போகும்போது எந்தத் தலைப்பை உங்களோடு எடுத்துச் செல்லலாம் என்பதைச் சேரும்போதே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் வாய்மொழியாகப் பேசினால் இருவருக்கும் நினைவு வேறு வேறாக இருக்கும்.

தனி ஆய்வகம் நடத்தும் இடங்கள் பட்டம் பெறுபவர்களின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு. அதை முதல் நாளிலிருந்தே கணக்கில் வையுங்கள். தடுப்பூசி நிறுவனங்கள், நோயறிதல் கருவி தயாரிப்பு, ஊசி மருந்துகளில் எண்டோடாக்சின் (அதே எல்பிஎஸ்) சோதிக்கும் தரக்கட்டுப்பாடு, நுண்ணோக்கி மையங்கள், மருந்து ஒழுங்குமுறை அலுவலகங்கள், ஆய்விதழ் ஆசிரியர் குழு என்று இந்தக் கைப்பழக்கத்துக்கு வேறு இடங்களும் உண்டு. படிமப் பகுப்பாய்வையும் ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியையும் சேர்த்துக் கற்றவருக்குக் கதவுகள் இன்னும் அதிகம். தாவர நோய்ப் பக்கத்தையும் ஒதுக்காதீர்கள். அங்கும் அதே ஊசி அமைப்புதான். சாந்தோமோனாஸ் பாக்டீரியா தாவரச் செல்லுக்குள் செலுத்தும் டால் புரதங்கள் டிஎன்ஏவை எந்தக் குறியீட்டால் படிக்கின்றன என்று 2009இல் தெரிந்ததும், அது மரபணு திருத்தும் கருவியாகவே மாறியது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. கையாளும் பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி இருந்தால் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். கர்ப்ப காலத்திலும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போதும் லிஸ்டீரியா வேலையிலிருந்து விலகிக்கொள்வதே முறை. இதைக் கேட்கத் தயங்க வேண்டிய ஆய்வகம் என்றால் அங்கே சேர வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் உள்ள மாதங்களில், கல்லூரி ஆய்வகத்திலேயே நோயுண்டாக்காத ஈ. கோலை வகையில் ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரே வளர்ப்பைத் தனித்தனியாக மூன்று முறை பத்துப் பத்து மடங்காக நீர்த்து, மூன்றையும் பூசி எண்ணுங்கள். 100 காலனி உள்ள தட்டில் தற்செயலாக மட்டுமே பெரும்பாலும் 10 அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யும். 90, 104, 97 என்று வந்தால் கை சரி. 60, 100, 190 என்று வந்தால் ஒவ்வொரு நீர்த்தலுக்கும் பிப்பெட் முனையை மாற்றுகிறீர்களா, உறிஞ்சும் முன் குழாயை நன்றாகக் கலக்குகிறீர்களா, முனையை நீரில் ஆழமாக அமிழ்த்தி வெளிப்புறத்தில் ஒட்டியதையும் சேர்த்துக் கொண்டுபோகிறீர்களா என்று பாருங்கள். இந்த மூன்று எண்களும் நெருங்கி வந்த பிறகு, செல்லோடு சேர்த்துச் செய்யும் சோதனைக்குப் போகலாம்.